ஒரு நேரத்தில் ஒரு பழக்கம்: நோட்டில் ஓடும் என் வேலைமுறை

வேலைகளை ஒழுங்குபடுத்த ஒரு முறை வேண்டும் என்று முடிவெடுக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் வாங்கிவிடுகிறார்கள். புது டைரி, நாலு கலர் பேனா, போனில் இரண்டு ஆப், சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. புதன்கிழமை பார்த்தால் பலகையில் பால் கணக்கு ஏறியிருக்கும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கீழே எழுதியிருப்பதை மொத்தமாக ஆரம்பிக்காதீர்கள். ஒன்றை எடுங்கள். அது கை தானாகச் செய்கிற காரியம் ஆகும்வரை அடுத்ததைத் தொடாதீர்கள்.

நான் இருப்பது மும்பை செம்பூரில். சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதித் தருவது தொழில். மஸ்ஜித் பந்தரில் முந்திரி, பாதாம் மொத்த வியாபாரம் செய்யும் சேட்டுகள், தாராவியில் தோல் பை தைக்கும் திருநெல்வேலி அண்ணாச்சிகள், சயனில் ஒரு மருந்துக்கடை. மாதம் பிறந்தால் 7ஆம் தேதி பிடித்துவைத்த வரியான டிடிஎஸ், 11ஆம் தேதி விற்பனை பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர் 1, 15ஆம் தேதி ஊழியர்களுக்கான பிஎஃப்பும் இஎஸ்ஐயும், 20ஆம் தேதி ஜிஎஸ்டி வரியைக் கட்டும் மாத ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர் 3பி. இந்தத் தேதிகளை இந்தத் தொழிலில் யாரும் மறப்பதில்லை. மறந்துபோவதெல்லாம் அவற்றைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கும் சில்லறை வேலைகள்தான். சேட்டின் மருமகன் தருகிறேன் என்று சொன்ன இரண்டு பில், காலாவதியாகப் போகிற டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் (ரிட்டர்னில் கையெழுத்துப் போடக் கம்ப்யூட்டரில் செருகுவது), வங்கியிலிருந்து வர வேண்டிய ஸ்டேட்மென்ட். இதற்கு நடுவில் சிலிண்டர் புக் செய்ய வேண்டும், மகளின் பள்ளி பஸ்ஸுக்குப் பணம் கட்ட வேண்டும்.

நான் பின்பற்றும் முறைக்கு அடிப்படை, அமெரிக்கரான டேவிட் ஆலன் 2001இல் ‘கெட்டிங் திங்ஸ் டன்’ என்ற புத்தகத்தில் வகுத்தது. மனத்தில் கிடப்பதை எழுதிப் பிடிப்பது, அது என்ன வேலை என்று தெளிவாக்குவது, உரிய இடத்தில் போடுவது, அவ்வப்போது திரும்பிப் பார்ப்பது, அப்புறம் செய்வது என்று ஐந்து படிகள். படித்தால் ஒரு மணி நேரத்தில் புரிந்துவிடும். கைக்கு வருவதுதான் சிரமம், ஏனென்றால் ஐந்தும் ஐந்து தனித்தனிப் பழக்கங்கள். ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர 21 நாள் போதும் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். லண்டனில் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் அதை அளந்து பார்த்தபோது சுமார் 66 நாள் என்று வந்தது. ஆளையும் பழக்கத்தையும் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள்வரை ஆகலாம் என்றும் கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடுவதில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆக, ஒரு பழக்கத்துக்கு இரண்டு மாதம் என்று வைத்துக்கொண்டால் முழு முறையும் கைவர ஒரு வருடம் ஆகும். அது நியாயமான காலம்தான்.

முதல் பழக்கம், எழுதிப் பிடிப்பது. இதற்கு ஒரே ஒரு இடம் வேண்டும். கிராஃபர்ட் மார்க்கெட் பக்கத்தில் அப்துல் ரஹ்மான் தெரு இருக்கிறதே, அங்கே உள்ளங்கை அளவு நோட்டுகள் டஜன் கணக்கில் கிடைக்கும். சுருள் கம்பி பக்கவாட்டில் இல்லாமல் தலைமாட்டில் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். அட்டையைப் பின்னால் மடித்துவிட்டால் நின்றபடியே எழுதலாம். கூடவே ஒரு பென்சில். நோட்டை மேல்நோக்கிப் பிடித்து எழுதினால் பேனா நின்றுவிடும், பென்சில் நிற்காது.

நோட்டு எப்போது திறக்கும் என்பதை மணி பார்த்து முடிவு செய்யாதீர்கள். ‘தினமும் ஒன்பது மணிக்கு’ என்றால் ஒன்பது மணிக்கு யாராவது போன் செய்வார்கள். ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒரு காரியத்தோடு அதைக் கோத்துவிடுங்கள். எனக்கு அது தினமும் ரயிலில் தாண்டும் வடாலா ஸ்டேஷன். ஹார்பர் லைனில் குர்லாவில் இறங்குகிறவர்களைவிட ஏறுகிறவர்கள் அதிகம், லேடீஸ் டப்பாவில் மூச்சு விடவே இடம் இருக்காது. வடாலாவில் அந்தேரிப் பக்கம் வண்டி மாறுகிறவர்கள் இறங்கியதும் சீட்டுக்கு அருகில் உள்ள தடுப்பில் சாய்ந்து நிற்க இடம் கிடைக்கும். அங்கிருந்து மஸ்ஜித் வரைக்கும் இருக்கிற நேரத்தில் மண்டைக்குள் ஓடுவதையெல்லாம் இறக்கிவைப்பேன். உங்களுக்கு அது குக்கர் விசிலாக இருக்கலாம், ஆபீஸ் லிஃப்டாக இருக்கலாம்.

இந்தக் கட்டத்தில் வகைப்படுத்தாதீர்கள், முக்கியம் எது என்று கோடு போடாதீர்கள், எண் போடாதீர்கள். ஒரு நாள் என் பக்கம் இப்படித்தான் இருக்கும்:

அண்ணாச்சி ஜிஎஸ்டி
சிலிண்டர்
சயன் – டோக்கன்
அம்மா கண்
சேட் 2 பில்
நோட்டீஸ்??

அவ்வளவுதான். போனில் எழுதக் கூடாதா என்று கேட்பீர்கள். எழுதலாம், ஆனால் போனைத் திறந்தால் வாட்ஸ்அப்பில் பதினெட்டு பேர் காத்திருப்பார்கள், எழுத வந்த விஷயம் அவர்களுக்குப் பின்னால் போய்விடும். கையில் நோட்டு இல்லாத நேரத்துக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் எனக்கு நானே ஒரு வரி அனுப்பிக்கொள்வேன், அன்றைக்கே அதை நோட்டுக்கு மாற்றிவிடுவேன். குப்பைக் காகிதத்தில், பில்லின் பின்புறத்தில், காலண்டர் ஓரத்தில் எழுதும் பழக்கத்தை விட்டொழியுங்கள். இடம் இரண்டாகிவிட்டால் மனது இரண்டையுமே நம்பாது, திரும்பவும் தானே சுமக்க ஆரம்பித்துவிடும்.

எப்போது அடுத்த படிக்குப் போகலாம்? நோட்டை வீட்டில் வைத்துவிட்டு ஸ்டேஷன் வரை வந்தால் போனை விட்டுவந்தது மாதிரி கை தவிக்க வேண்டும். அது நடக்கும்வரை இதிலேயே இருங்கள்.

இரண்டாவது பழக்கம், எழுதியதைச் செய்யக்கூடியதாக மாற்றுவது. மேலே உள்ள பட்டியலைத் திரும்பப் பாருங்கள். ‘அம்மா கண்’ என்பது வேலையா? அது ஒரு கவலை. பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் கண் அதைத் தாண்டி ஓடும். உட்கார்ந்து, ஒவ்வொரு வரிக்கும் ‘அடுத்து என் கை என்ன செய்யும்?’ என்று கேட்டு எதிர்ப்பக்கத்தில் முழு வாக்கியமாக எழுதுங்கள். ‘பாளையங்கோட்டைக்குப் போன் போட்டு, டாக்டர் எந்தத் தேதி கொடுத்தார் என்று தம்பியிடம் கேட்க வேண்டும்.’ ‘சயன் கடைக்காரரின் டோக்கன் எந்தத் தேதியில் முடிகிறது என்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்க வேண்டும்.’ ‘அண்ணாச்சியிடம் விட்டுப்போன மூன்று பர்ச்சேஸ் பில்லைக் கேட்க வேண்டும்.’ வாக்கியத்தில் ஆள், பொருள், செயல் மூன்றும் இருந்தால் சரி.

கேள்விக்குறி போட்ட வரிகளைக் கவனியுங்கள். நாம் பயப்படும் வேலைகளுக்குத்தான் கேள்விக்குறி போடுவோம். ‘நோட்டீஸ்??’ என்பது பத்து நாள் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதையே, ‘வரித்துறைப் போர்ட்டலுக்குள் போய், நோட்டீஸ் எதற்காக வந்திருக்கிறது, பதில் தரக் கடைசித் தேதி எது என்று இரண்டை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும்’ என்று எழுதினால் ஐந்து நிமிட வேலை. பதில் எழுதுவது அதற்கு அப்புறம் வரும் வேலை, இன்றைக்கு அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். மசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: முடியாத வேலை மனத்தைக் குடைவது நிற்க அதை முடிக்க வேண்டும் என்பதில்லை, எப்படி முடிப்போம் என்று திட்டவட்டமாக எழுதிவைத்தாலே குடைச்சல் அடங்கிவிடுகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலையைப் பட்டியலில் ஏற்றாமல் அப்போதே செய்துவிடு என்பது ஆலன் சொன்ன புகழ்பெற்ற விதி. நல்ல விதி, ஆனால் இப்படி உட்கார்ந்து பட்டியலைத் தெளிவாக்கும் நேரத்துக்கு மட்டும். நாள் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டால் வருகிற ஒவ்வொரு மெசேஜும் இரண்டு நிமிட வேலைதான், சாயங்காலம் ஆகிவிடும், உட்கார்ந்து செய்ய வேண்டிய கணக்கு அப்படியே கிடக்கும்.

மூன்றாவது, காலண்டர். சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அந்தத் தேதியில் நடந்தே ஆக வேண்டியது மட்டும் காலண்டரில் இருக்கட்டும். ‘இந்த வாரம் செய்தால் நல்லது’ என்பதையெல்லாம் அதில் போட்டால் தினமும் பாதியை மறுநாளுக்குத் தள்ளுவீர்கள், ஒரு மாதத்தில் காலண்டர் சொல்வதை நீங்களே மதிக்க மாட்டீர்கள். கடைசித் தேதியை எழுதாமல், வேலை தொடங்கும் தேதியை எழுதுங்கள். 3பிக்கு 20 கடைசி என்றால் என் காலண்டரில் 16 என்றுதான் இருக்கும். 20ஆம் தேதி மத்தியானம் போர்ட்டல் எப்படி ஊர்ந்துகொண்டிருக்கும் என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்களிடம் கேளுங்கள். ஒரு நாள் பிந்தினாலும் 50 ரூபாய் தாமதக் கட்டணம், வரியே இல்லாத ரிட்டர்னுக்கும் 20 ரூபாய், கட்ட வேண்டிய வரிக்கு வருடத்துக்கு 18 சதவீதம் என்ற கணக்கில் வட்டி தனி. தொகை சின்னதுதான், ஆனால் சேட் அதைத் தீபாவளி வரை சொல்லிக்காட்டுவார்.

நான்காவதுதான் என் தொழிலையே காப்பாற்றுகிற பழக்கம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி ஒரு பட்டியல்: ‘காத்திருப்பவை.’ நான் செய்ய வேண்டியதை முடித்துவிட்டேன், பந்து இன்னொருவர் கையில் இருக்கிறது என்றால் அது இங்கே வரும். ஒவ்வொரு வரியிலும் யார், என்ன, என்றைக்குக் கேட்டேன் என்று மூன்று விஷயம். மூன்றாவதை விட்டால் இந்தப் பட்டியலால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். தாராவி அண்ணாச்சி ஆம்பூரிலிருந்து தோல் வாங்குகிறார். மாதாமாதம் தாக்கல் செய்கிற சப்ளையர் 11ஆம் தேதிக்குள் தன்னுடைய ஜிஎஸ்டிஆர் 1இல் அந்த பில்லைக் காட்டினால்தான், 14ஆம் தேதி தயாராகும் அண்ணாச்சியின் 2பி அறிக்கையில், அதாவது அவர் வாங்கிய பில்களைப் போர்ட்டல் தொகுத்துத் தரும் பட்டியலில், அது ஏறும். ஏறினால்தான் அந்த பில்லில் கொடுத்த வரியை அவர் தன் வரியில் கழித்துக்கொள்ள முடியும். ஆகவே 12ஆம் தேதி நினைவு வந்தால் அந்த மாதத்துக்குப் போச்சு. எனவே காத்திருப்பவை பட்டியலை 8, 9 தேதிகளில் கையில் வைத்துக்கொண்டுதான் போன் போடுவேன்.

“அண்ணாச்சி, போன செவ்வாய்க்கிழமை கேட்டேனே, ஆம்பூர் பார்ட்டியோட மூணு பில், வந்துச்சா?”

“எந்த பில்லும்மா?”

“பில் நம்பர் சொல்றேன், எழுதிக்கோங்க. ஒண்ணாவது போன மாசம் 6ஆம் தேதி பில்லு...”

“சரி தாயி, சரி. இப்பவே அவனுக்குப் போன் போடுதேன்.”

‘அன்றைக்கே கேட்டேனே’ என்றால் ‘நீ எங்கே கேட்ட?’ என்று பதில் வரும். ‘போன செவ்வாய்க்கிழமை’ என்றால் வராது. அதட்டவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம், தேதியே பேசிவிடும். வீட்டுக்கும் இது பொருந்தும். பிளம்பர் வருகிறேன் என்றது, சொஸைட்டி ஆபீஸில் கேட்ட ரசீது, நாத்தனார் வாங்கிக்கொண்டு போன மாவு கிரைண்டர், எல்லாம் என் பட்டியலில் தேதியோடு இருக்கின்றன. நாத்தனாருக்கு மட்டும் இது தெரிய வேண்டாம்.

ஐந்தாவது, வாரம் ஒரு முறை எல்லாவற்றையும் திரும்பிப் பார்ப்பது. புத்தகம் படித்தவர்களில் பெரும்பாலோர் விழுகிற இடம் இதுதான். காரணம், அவர்கள் இதை முதல் வாரமே ஆரம்பித்து, இரண்டு மணி நேரம் உட்காருகிறார்கள். மேலே சொன்ன நான்கும் ஓடிக்கொண்டிருந்தால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தேவைப்படாது. எனக்கு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். ஹார்பர் லைனில் அநேக ஞாயிறுகளில் தண்டவாளப் பராமரிப்புக்காக வண்டியை நிறுத்தும் மெகா பிளாக் இருக்கும், மத்தியானம் தாண்டும்வரை வண்டி ஓடாது, ஆகவே யாரும் ‘கொஞ்சம் கடைக்கு வந்துட்டுப் போங்க’ என்று கூப்பிட மாட்டார்கள். ரயில்வே செய்கிற உதவி.

உட்கார்ந்ததும் முதலில் கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டுங்கள். பில், விசிட்டிங் கார்டு, மருந்துச் சீட்டு எதுவும் பையில் தங்கக் கூடாது. ஒன்று நோட்டில் வரியாக ஏற வேண்டும், இல்லை ஃபைலுக்கோ குப்பைக்கோ போக வேண்டும். அப்புறம் போன வாரக் காலண்டரைப் பாருங்கள். இது பலருக்குத் தோன்றாது. நடந்து முடிந்த வாரத்தில்தான் ‘அவரிடம் அனுப்புகிறேன் என்று சொன்னோமே’ என்பது ஒளிந்திருக்கும். பிறகு வரும் இரண்டு வாரக் காலண்டர். பிறகு காத்திருப்பவை, அதில் ஒரு வாரம் தாண்டிய வரிகளுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. திங்கட்கிழமை காலை அவர்களுக்குத்தான் முதல் போன். கடைசியாக, செய்ய வேண்டியவை பட்டியலில் மூன்று வாரமாக அசையாமல் கிடக்கும் வரிகள். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, வாக்கியம் தெளிவில்லையா, பயமா, அல்லது செய்ய விருப்பமே இல்லையா என்று கேளுங்கள். விருப்பமில்லை என்றால் அடித்துவிடுங்கள். நிம்மதியாக அடியுங்கள். பட்டியலில் இருப்பதெல்லாம் செய்தாக வேண்டும் என்று சட்டமில்லை. மராத்தி எழுத்து முறையாகக் கற்பது என்று ஒரு வரி என்னிடம் ரொம்ப நாள் இருந்தது. பேசினால் போதும் என்று அடித்துவிட்டேன்.

ஞாயிறு கல்யாணம், காதுகுத்து என்று போய்விட்டால்? காத்திருப்பவையும் வரும் வாரக் காலண்டரும் மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். மிச்சத்தை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த ஐந்தும் வந்துவிட்டால் முறை வந்துவிட்டது. மற்றவை அவரவர் வசதி. நான் செய்ய வேண்டியவற்றை இடம் வாரியாகப் பிரித்திருக்கிறேன்: மஸ்ஜித், தாராவி–சயன், போன், வீடு. மஸ்ஜித்தில் இறங்கும்போது மஸ்ஜித் பக்கத்தை மட்டும் பார்த்தால் போதும். பின்னால் தேவைப்படும் காகிதங்களுக்கு ஆலன் 43 உறைகளைச் சொல்கிறார், நாளுக்கு ஒன்றாக 31, மாதத்துக்கு ஒன்றாக 12. எனக்கு 12 போதும். வருமான வரியை முன்கூட்டியே தவணையாகக் கட்டும் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் உறைகள்தான் தடிமனாக இருக்கும்.

பில்லையும் 2பியையும் ஒவ்வொரு வரியாக ஒப்பிடுவது போன்ற வேலைகளுக்கு, இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரிலோ 1980களின் இறுதியில் மாணவராக இருந்தபோது தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்துத் தொடங்கிய பொமோடோரோ முறை நன்றாக உதவுகிறது. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. ஆனால் வீட்டில் மட்டும்தான். சேட் கடையில் 25 நிமிடம் யாரும் கூப்பிடாமல் இருந்தால் கடையைப் பூட்டிவிட்டார்கள் என்று அர்த்தம்.

ஆப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்பீர்கள். பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் என் தம்பி மகன் வரும்போதெல்லாம், “அத்தை, இன்னுமா இந்த நோட்டு?” என்று கேட்பான். அவன் வருடத்துக்கு மூன்று ஆப் மாற்றுகிறான். ஒவ்வொரு தடவையும் பழையதிலிருந்து புதியதற்கு எல்லாவற்றையும் மாற்றவே ஒரு வாரம் போகிறது, அந்த வாரம் முழுக்க வேலை செய்த திருப்தியும் அவனுக்குக் கிடைக்கிறது. ஆப் கெட்டது என்று சொல்ல மாட்டேன். திரும்பத் திரும்ப வரும் தேதிகளுக்கும் இரண்டு பேர் சேர்ந்து பார்க்க வேண்டிய பட்டியலுக்கும் நோட்டைவிட ஆப் மேல். காகிதத்தில் ஐந்து பழக்கமும் ஓடத் தொடங்கிய பிறகு, நோட்டால் முடியாத ஒரு காரியத்தைக் குறிப்பாகச் சொல்ல முடிந்தால், அந்தக் காரியத்துக்கு மட்டும் ஆப் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது மாதாந்திரத் தேதிகள்; அவை போன் காலண்டரில் இருக்கின்றன.

எப்படியும் வருடத்தில் ஒன்றிரண்டு தடவை எல்லாம் குலையும். கணபதி வரும், தீபாவளிக் கணக்கு வரும், ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏற வேண்டிவரும். திரும்பி வந்ததும் விட்டதையெல்லாம் ஒரே நாளில் பிடிக்கப் பார்க்காதீர்கள். ஏறிய வரிசையிலேயே மறுபடி ஏறுங்கள், இந்தத் தடவை படிக்கு ஒரு வாரம் போதும். பழைய பட்டியலைப் புதுப்பக்கத்துக்கு நகல் எடுக்க வேண்டாம். புதுப்பக்கத்தில் அன்றைய தேதியைப் போட்டு, நினைவில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். அப்புறம் கடைசிப் பக்கத்துக்குப் போய், காத்திருப்பவையில் இருக்கும் எல்லோருக்கும் அன்றைக்கே ஒரு போன் போட்டுவிடுங்கள். நீங்கள் ஊரில் இல்லாததால் அவர்களும் ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள்.